கரக்பூர்த் தொழில்நுட்பக் கழகமும் அதன் விளக்குகளும்

கல்கத்தாவில் குடியேறியுள்ள நம் தமிழ்க் குடும்பங்களில் கரக்பூரைக் கடந்து செல்லாதவர் அரியர். ஊருக்குப் போகும்போதும் ஊரிலிருந்து திரும்பும்போதும் சென்னை வண்டி அங்கே நின்று புறப்படுகிறது. ஆயினும் அவ்வூரில் இறங்கிப் பார்த்தவர் மிகச் சிலரே. போகும்போது, கட்டிக்கொண்டு வந்த புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கலாமா என்று யோசிக்கும் இடம் அது. வரும்போது, படுக்கையைச் சுருட்டி, குழந்தைகளுக்குத் தலை வாரிவிட்டு, பெட்டிகளை வாசற்பக்கம் இழுத்து வைக்கும் இடம் அது.

ரயில்வே உத்தியோகஸ்தர்களுக்கு அவ்வூரின் பெருமை வேறு. அங்குள்ள 1,072 மீட்டர் நீளமுள்ள நடைமேடை நெடுங்காலம் உலகிலேயே நீளமானது என்று பெயர் பெற்றிருந்தது. 2013ஆம் ஆண்டில் கோரக்பூரும், 2023ஆம் ஆண்டில் ஹூப்ளியும் அதனை முந்திவிட்டன. பெயர் போனாலும் நீளம் போகவில்லை. மூட்டையுடன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்பவர் அதனை நன்கு உணர்வர். ஸ்டேஷனுக்கும் பழைய ரயில்வே தொழிற்சாலைக்கும் அப்பால், ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவில், மற்றொரு கரக்பூர் இருக்கிறது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களுள் முதலாவது அங்கேதான் தோன்றிற்று. சென்ற தீபாவளியன்று அவ்விடத்தைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கட்டடங்களைக் காட்டிலும், அவற்றுக்கு விளக்கும் காற்றும் நீரும் தவறாமல் கிடைக்கச் செய்கிற ஒருவரது வேலையை அருகிலிருந்து கண்டதே அப்பிரயாணத்தின் பெரும் பயன். அதனை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

பிரயாணத்துக்குக் காரணமாக இருந்தவன் ஒரு சிறுவன். லேக் மார்க்கெட் பக்கத்தில் எங்கள் மாடிக்குக் கீழ் வீட்டில் வசிக்கும் அன்பரின் மகன். அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத இருக்கிறான். அவனுடைய பாட்டனார் சுருக்கெழுத்தராகக் கல்கத்தாவுக்கு வந்தவர். தந்தையார் ஒரு கம்பெனியில் கணக்கர். பையன் எஞ்சினியராக வேண்டும் என்பது வீட்டாரின் விருப்பம். பையனோ, பத்தாம் வகுப்பு முடிந்ததும் ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் பயிற்சி பெறப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். எங்கள் கட்டடத்தில் ஓடாத விசிறி எது, எரியாத விளக்கு எது என்பது கட்டடச் சொந்தக்காரருக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும்.

“நீங்கள் ரயில்வேக்காரர், போக்குவரத்து உங்களுக்குச் சிரமம் இல்லை. இவனை ஒருமுறை கரக்பூருக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள். அந்தக் கட்டடத்தைப் பார்த்தாவது இவன் மனம் திரும்பட்டும்” என்று அன்பர் என்னிடம் கேட்டுக்கொண்டார். அக்கழகத்தின் மின்பராமரிப்புப் பிரிவில் தலைமை எலக்ட்ரீஷியனாக இருக்கும் திருநெல்வேலிச் சீமைக்காரர் ஒருவர் எனக்குப் பழக்கம். சென்னை வண்டியில் ஒருமுறை எதிரும் புதிருமாக அமர்ந்து வந்தபோது ஏற்பட்ட நட்பு அது. அவரை நான் அண்ணாச்சி என்றே அழைப்பது வழக்கம். தீபாவளியன்று வந்தால் இரவு தீபக் காட்சியையும் பார்க்கலாம் என்று அவர் சொல்லியிருந்தார். ஆகவே வீட்டில் செய்த முறுக்கும் அதிரசமும் ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு, நானும் பையனும் ஹௌராவில் புறநகர் மின்சார வண்டி ஏறினோம்.

ஹௌராவிலிருந்து கரக்பூர் ஏறத்தாழ 115 கிலோமீட்டர். பாகனானைத் தாண்டியதும் ரூப்நாராயண் நதி வருகிறது. அகன்ற நதி, நீண்ட பாலம். அக்கரையில் இருப்பது ஹில்சா மீனுக்குப் பெயர் பெற்ற கோலாகாட். அங்குள்ள அனல்மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கிகள் வண்டியிலிருந்தே தெரிகின்றன. மற்றவர்கள் நதியைப் பார்த்தார்கள். பையன் புகைபோக்கிகளையும், அங்கிருந்து வயல்களின் மேல் நடந்து செல்வன போன்ற இரும்புக் கோபுரங்களையும் பார்த்தான். “மாமா, நம் வண்டிக்கு மேலே ஓடும் கம்பியில் எத்தனை வோல்ட்?” என்றான். 25,000 என்றேன். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு அவ்வளவாவது தெரிந்திருந்தது நல்லதாயிற்று.

கழகத்தின் வளாகம் ஏறத்தாழ 2,100 ஏக்கர் பரப்புடையது. ஹிஜ்லி என்பது அவ்விடத்தின் பழம்பெயர். விடுதலைப் போரில் ஈடுபட்டோரை அடைத்து வைக்க 1930ஆம் ஆண்டில் ஆங்கில அரசினர் அங்கே ஒரு காவல் முகாம் ஏற்படுத்தினர். 1931ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள், ஆயுதமற்ற கைதிகள் மீது காவலர் சுட்டதில் சந்தோஷ் குமார் மித்ரா, தாரகேஸ்வர் சென்குப்தா என்னும் இருவர் உயிர் நீத்தனர். அந்த முகாமின் கட்டடத்திலேதான் கழகம் தன் பணியைத் தொடங்கிற்று. 1951ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மௌலானா அபுல் கலாம் ஆஸாத் அவர்கள் அதனை முறைப்படி திறந்து வைத்தார். முதலாண்டு மாணவர் தொகை 224. இன்று அப்பழைய கட்டடத்தில் நேரு அவர்களின் பெயரால் விஞ்ஞானக் காட்சிச்சாலை ஒன்று உள்ளது. மாணவர் விடுதிகளுக்குப் பட்டேல், ஆஸாத், நேரு முதலிய தலைவர்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். திருத்தணியில் பிறந்த இராதாகிருஷ்ணன் அவர்களின் பெயராலும் ஒரு விடுதி உண்டு.

அண்ணாச்சிக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். காக்கிச் சட்டை, ரப்பர் அடியிட்ட கனத்த பூட்சு, இடுப்பில் சாவிக்கொத்து. வங்காளித் தோழர்கள் அவரை ‘மிஸ்திரி தாதா’ என்று அழைக்கிறார்கள். அவரும் அவர்களுடன் வங்காளத்திலேயே பேசுகிறார். ஆனால் கோபம் வந்தால் திருநெல்வேலித் தமிழ்தான். பையனைப் பார்த்து, “என்னடே, கட்டடம் பாக்க வந்தியா, கரண்டு பாக்க வந்தியா?” என்று கேட்டார். பையன் என்னைப் பார்த்தான். “இரண்டும்” என்று நான் சொல்லிவைத்தேன்.

கல்லூரி என்றால் நாம் வகுப்பறைகளையே நினைக்கிறோம். ஆனால் இத்தகைய வளாகம் ஒரு முழு நகரம். விடுதிகள், சமையற்கூடங்கள், ஆராய்ச்சிச் சாலைகள், மருத்துவமனை, பள்ளிக்கூடம், கடைவீதி, உத்தியோகஸ்தர் குடியிருப்புகள், நீரேற்றும் இயந்திரங்கள், தெருவிளக்குகள் யாவும் மின்சாரத்தை நம்பியே இருக்கின்றன. பெரிய வளாகங்களுக்கு மின்சாரம் பெரும்பாலும் 11,000 அல்லது 33,000 வோல்ட் அழுத்தத்தில் வந்து சேரும். மின்மாற்றிகள் அதனைத் தணித்து, மும்முனைக்கு 415 வோல்ட்டாகவும் ஒருமுனைக்கு 230 வோல்ட்டாகவும் கட்டடங்களுக்கு அனுப்பும். தலைமை எலக்ட்ரீஷியனின் வேலை அந்த மின்மாற்றியில் தொடங்கி மாணவனது மேஜை விளக்கில் முடிகிறது.

காலையில் அவர் முதலிற் செய்வது கேட்பது. மின்மாற்றியின் அருகே சற்று நேரம் அசையாமல் நின்று அதன் முரலலைக் கேட்கிறார். ஒரே சீராக இருந்தால் நலம். சுருதி மாறினால் சோதிக்க வேண்டும். பிறகு அதன் பக்கத்திலுள்ள சிறு கண்ணாடிக் குடுவையைப் பார்க்கிறார். மின்மாற்றி வெப்பத்தால் விரிந்து சுருங்கும்போது உள்ளே இழுக்கும் காற்று அக்குடுவையின் வழியாகவே செல்கிறது. அதிலுள்ள மணிகள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. உலர்ந்திருந்தால் நீல நிறம். ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பு. “மாரிக்காலத்தில் இதைப் பார்க்காதவன் பிறகு எண்ணெயைப் பார்ப்பான்; எண்ணெயைப் பார்க்காதவன் புகையைப் பார்ப்பான்” என்றார்.

அடுத்து இணைப்புகள். கம்பி முடியும் இடத்தில் திருகு சிறிது தளர்ந்தால் அங்கே வெப்பம் பிறக்கும். வெப்பம் மேலும் தளர்த்தும். தளர்ச்சி மேலும் வெப்பம் தரும். தொடாமலே வெப்பத்தைக் காட்டும் கருவி இப்போது கைக்கு வந்துவிட்டது. அதைக்கொண்டு ஒவ்வோர் இணைப்பையும் குறிபார்த்து, எண்ணைப் புத்தகத்தில் எழுதுகிறார். நேற்றைய எண்ணைவிட இன்றைய எண் கூடியிருந்தால், ஒன்றும் கெடுவதற்கு முன்பே முறுக்கப்பட வேண்டிய திருகு எது என்று தெரிந்துவிடும்.

அவ்வூர் மண் செம்புரை மண். பார்க்கச் செந்நிறமாக அழகாயிருக்கும். ஆனால் கோடையில் நன்கு உலர்ந்துவிடும். உலர்ந்த மண் மின்சாரத்தை எளிதில் உள்வாங்காது. கம்பியில் பழுது நேர்ந்தால் மின்னோட்டம் தீங்கின்றிப் பூமிக்குள் இறங்குவதற்காகக் குழி தோண்டி, கரியும் உப்பும் இட்டு, உலோகத் தகடோ குழாயோ புதைத்திருப்பார்கள். அதற்கு எர்த்துக் குழி என்று பெயர். சித்திரை வைகாசியில் அக்குழிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது அவர் ஆட்களின் வேலைகளுள் ஒன்று. பார்ப்போர், செடியில்லாத இடத்தில் இவர்கள் ஏன் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று நகைப்பதுண்டாம். “மரத்துக்கு ஊத்தினா நிழல் தெரியும். இதுக்கு ஊத்தினா ஒண்ணும் தெரியாது. ஒண்ணும் தெரியாம இருக்கத்தான் ஊத்துறோம்” என்றார் அண்ணாச்சி.

விடுதிகளிலிருந்து வரும் புகார்களுட் பல நம் வீடுகளிலும் நிகழ்வன, ஆகையால் சொல்லுகிறேன். சுவரிலுள்ள சிறிய பிளக்கு 6 ஆம்பியருக்கு ஏற்பட்டது. 230 வோல்ட்டில் அது தாங்கக்கூடியது 1,380 வாட். வெந்நீர் வைக்கும் மின்கெண்டி பெரும்பாலும் 1,500 வாட். கெண்டி ஒன்றே வரம்பு மீறியது. அதே நீட்சிப் பலகையில் இஸ்திரிப் பெட்டியும் கம்ப்யூட்டரும் சேர்ந்தால் பலகை கருகாமல் என்ன செய்யும்? அத்தகைய பண்டங்களைப் பெரிய, 16 ஆம்பியர் பிளக்கிலேயே செருக வேண்டும். சிக்கனத்துக்கும் அவர் ஒரு கணக்குச் சொன்னார். பழைய விசிறி 75 வாட் இழுக்கும். இப்போது வரும் புதுவகை 30 வாட் அளவில் ஓடும். ஆயிரம் விசிறி உள்ள இடத்தில் மாற்றினால், அவை யாவும் ஓடும்போது 45 கிலோவாட் மிஞ்சும்.

பகலுணவுக்குப் பின் பையன், “மின்சாரம் எவ்வளவு பட்டால் ஆபத்து?” என்று கேட்டான். அண்ணாச்சி அவனை ஒரு பெட்டியின் முன் நிறுத்தி, உள்ளேயிருந்த சிறு கருவியைக் காட்டினார். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இல்லாவிட்டால், விடுபட்டது எவர் உடல் வழியாகவேனும் கசிகிறது என்று கொண்டு, அது உடனே இணைப்பைத் துண்டிக்கும். மனிதரைக் காப்பதற்கு அமைப்பது 30 மில்லி ஆம்பியர் அளவில். 60 வாட் குமிழ் ஒன்று இழுக்கும் மின்னோட்டத்தில் அது ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான். சின்னக் குமிழ்தானே என்று நாம் அலட்சியம் செய்யும் ஒன்றில் ஓடுவது ஓர் உயிரை மாய்க்கப் போதுமானது.

அப்போதுதான் அவர் பழைய செய்தி ஒன்றைச் சொன்னார். அது நிகழ்ந்தது கரக்பூரில் அன்று. அவர் இளமையில் வேலை பார்த்த வேறோர் ஊரில், வேறொரு கல்லூரியில். அங்கே ஆண்டுவிழா நடந்துகொண்டிருந்தது. மேடைக்குச் செல்லும் இணைப்பொன்று பழுதாயிற்று. உதவியாளனாக இருந்த இருபது வயது வாலிபன், சுவிட்சை அணைத்துவிட்டு ஏணியில் ஏறினான். அணைத்த சுவிட்சுக்கு அருகில் ஒரு காகிதத்தில் ‘தொடாதே’ என்று எழுதி ஒட்டியிருந்தது. விளக்கில்லையே என்று அவசரப்பட்ட எவரோ ஒருவர், காகிதத்தைக் கவனியாமல் சுவிட்சைப் போட்டுவிட்டார். எவர் என்பது கடைசிவரை தெரியவில்லை. வாலிபன் பிழைக்கவில்லை. “விழா நிற்கவில்லை, தம்பி. வேறு பக்கத்திலிருந்து கம்பி இழுத்து விளக்குப் போட்டு நடத்தினார்கள்” என்று சொல்லி, அண்ணாச்சி சற்று நேரம் பேசாதிருந்தார்.

அன்றிலிருந்து அவர் கொண்ட முறை இது. அணைத்த சுவிட்சுக்கு ஒரு பூட்டு. அப்பூட்டின் சாவி, வேலை செய்பவனுடைய சட்டைப் பையில். நால்வர் வேலை செய்தால் நான்கு பூட்டு, நான்கு சாவி. கடைசி மனிதன் இறங்கித் தன் பூட்டைத் திறக்கும்வரை எவராலும் மின்சாரம் விட முடியாது. பியூஸ் உள்ள பலகையானால், பியூஸ் கட்டைகளைப் பிடுங்கித் தன்னோடு எடுத்துச் செல்ல வேண்டும். அதன் பின்னும் சோதனை விளக்கால் பார்த்தே தொட வேண்டும். சோதனை விளக்கையும், முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்து எரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரயில்வேயில் இருப்பவனுக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றவில்லை. ஒற்றைத் தண்டவாளப் பாதைகளில் நெடுங்காலம் வழங்கிவந்த டோக்கன் முறையும் இதுவே. இரு ஸ்டேஷன்களுக்கு இடையே ஒரு சமயத்தில் ஒரு டோக்கன் மட்டுமே கருவியிலிருந்து வெளிவரும். அது டிரைவர் கையில் இருக்கும்வரை எதிர்வண்டிக்கு வழியில்லை. அங்கே எவருடைய ஞாபகத்தையும், எவருடைய நல்லெண்ணத்தையும் நம்பி வண்டி விடுவதில்லை. கையிலுள்ள பொருளை நம்பியே விடுகிறார்கள். அண்ணாச்சியின் சட்டைப் பையிலுள்ள சாவியும் அத்தகையதே. ‘தொடாதே’ என்று எழுதிய காகிதம் பிறரை நம்புகிறது. சாவி எவரையும் நம்ப வேண்டியதில்லை.

மாலை ஆயிற்று. நமக்குத் தீபாவளி என்றால் எண்ணெய் ஸ்நானம் செய்யும் விடியற்காலையே பெரிது. வங்காளத்தவருக்குக் காளி பூஜை நடக்கும் அமாவாசை இரவு பெரிது. அவ்விரவில் கழகத்து விடுதி மாணவர்கள் ‘இல்யுமினேஷன்’ என்னும் தீபக் காட்சி நடத்துகிறார்கள். மூங்கிலால் பெரிய பெரிய தட்டிகள் பின்னி நிறுத்தி, அவற்றில் வரிசை வரிசையாக மண் அகல்களைப் பொருத்தி, புராணக் காட்சிகளும் பிறவும் தீபங்களாலேயே சித்திரமாகத் தோன்றச் செய்வார்கள். தரையில் வண்ணக் கோலமும் உண்டு. விடுதிக்கு விடுதி போட்டி. குறித்த நேரத்தில் மின்விளக்குகள் அணையும். ஆயிரக்கணக்கான அகல்கள் மட்டும் எரியும். இந்தியாவிலேயே புகழ்பெற்ற தொழில்நுட்பக் கழகத்தார், ஆண்டுக்கு ஓரிரவு மின்சாரத்தை நிறுத்திவிட்டு நல்லெண்ணெய்க் காலத்துக்குத் திரும்புவது விந்தையே.

மற்றவர்களுக்கு அது வேடிக்கை. அண்ணாச்சிக்கு அது வேலை. விளக்குகள் அணையலாம், மருத்துவமனை அணையலாகாது. ஆராய்ச்சிச் சாலையின் குளிர்பெட்டிகள் நிற்கலாகாது. பல மாத உழைப்பு அவற்றுள் இருக்கும். படிக்கட்டில் கால் இடறாதபடி சிறு விளக்குகள் வேண்டும். மூங்கிலும் எண்ணெயும் சேரும் இடமாதலால், நெருப்புப் பிடித்தால் நீரேற்றும் இயந்திரம் ஓட வேண்டும். ஆகவே எந்தச் சுற்றை அணைப்பது, எதனைத் தொடாமல் விடுவது என்று முன்னதாகவே சீட்டெழுதி, ஒவ்வொரு கைப்பிடியையும் சரிபார்த்து வைத்திருந்தார். அவர் பொறுப்பேற்றிருந்த விடுதியின் சுவிட்சு அறை பின்புறத்தில் இருந்தது. அங்கிருந்து ஓர் அகல்கூடத் தெரியாது.

நான் முன்புறம் சென்று கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். மின்விளக்குகள் அணைந்த மாத்திரத்தில் எழுந்த ஆரவாரமும், பின்பு இருளில் மெல்லத் துலங்கிய இராமபிரானின் பட்டாபிஷேகக் காட்சியும் மறக்க முடியாதவை. பையனைத் தேடினேன், காணவில்லை. கூட்டத்தில் தவறிவிட்டானோ என்று அஞ்சிப் பின்புறம் ஓடினேன். அவன் சுவிட்சு அறையில், கையில் டார்ச்சு விளக்குடன், அண்ணாச்சியின் சீட்டைப் பிடித்து நின்றுகொண்டிருந்தான். “போய்ப் பாரடே என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். போகமாட்டேன் என்கிறான்” என்றார் அவர்.

காட்சி முடிந்து மின்சாரம் விடும்போது அவர் எல்லாவற்றையும் ஒருசேரப் போடவில்லை. விசிறி, குளிர்பெட்டி, நீரேற்றி ஆகியவற்றின் மோட்டார்கள் ஓடத் தொடங்கும்போது வழக்கத்தைவிடப் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். எல்லாம் சேர்ந்து இழுத்தால் இணைப்பு மீண்டும் அறுந்துவிடும். ஆகவே முதலில் தாழ்வாரம். சற்றுப் பொறுத்து ஒரு பகுதி அறைகள். மேலும் பொறுத்து அடுத்த பகுதி. பையன் சீட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னான். அண்ணாச்சி திரும்பிச் சொல்லிவிட்டுக் கைப்பிடியை உயர்த்தினார். முன்புறத்தில் இருந்தவர்களுக்கு விளக்கு வந்துவிட்டது என்பது மட்டுமே தெரியும். அதற்காக எவரும் கைதட்டவில்லை. கைதட்டும் வழக்கமும் இல்லை.

மறுநாள் திரும்பினோம். பையனின் தந்தையாரிடம் கட்டடங்களைப் பற்றியும் தீபக் காட்சியைப் பற்றியும் சொன்னேன். ஏணியில் ஏறிய வாலிபனைப் பற்றி நான் சொல்ல எண்ணவில்லை, பையனே சொல்லிவிட்டான். அன்பர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு, “கௌரவம், சம்பளம் என்று நான் சொல்வதெல்லாம் வெளிக்குத்தான், ஐயா. இந்தப் பயம்தான் எனக்கு” என்றார். அதற்கு என்னிடம் விடையில்லை. பையன் எழுந்து உள்ளே சென்று ஒரு சிறு பூட்டைக் கொண்டுவந்து தந்தையின் கையில் வைத்தான். புறப்படும்போது அண்ணாச்சி அவனுக்குக் கொடுத்தது அது. அதன் சாவி ஒன்றே, மறுசாவி கிடையாது.

முடிவு அக்குடும்பத்தார் செய்ய வேண்டியது. அவர்களைப்போல் யோசிக்கும் பெற்றோர்க்கு உதவும் என்று சில செய்திகளைச் சேர்க்கிறேன். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பயிற்சி இரண்டாண்டு. விஞ்ஞானமும் கணக்கும் படித்துப் பத்தாம் வகுப்பில் தேறியிருக்க வேண்டும். அதன்பின் 1961ஆம் ஆண்டு அப்ரெண்டிஸ் சட்டப்படி, ரயில்வே தொழிற்சாலைகள் உட்படப் பல இடங்களில் உதவித்தொகையுடன் பழகுநராகச் சேரலாம். மேலே படிக்கும் வாயிலும் அடைபட்டுவிடுவதில்லை. ஐ.டி.ஐ. முடித்தவர் விதிகளுக்கு உட்பட்டுப் பாலிடெக்னிக் டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டிலும், டிப்ளமோ முடித்தவர் எஞ்சினியரிங் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டிலும் சேர இடமுண்டு. எஞ்சினியராகும் பிள்ளைக்கு நாம் ஆசி கூறுகிறோம். எஞ்சினியர் படிக்கும் அறையில் விளக்கெரியச் செய்யும் பிள்ளைக்கும் அவ்வாசியில் பங்குண்டு. அதனுடன் ஒரு நல்ல பூட்டும் வாங்கிக் கொடுப்போமாக.